மச்சானைவிடப் பெரிய மிஷின்

அந்த நோட்டீஸைக் கொஞ்சம் இப்பிடிக் குடுங்க தம்பி. வெல்டிங் மிஷின் படந்தானுங்க? அதானே பார்த்தேன். பொள்ளாச்சியில பஸ் ஏறினதுல இருந்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வர்றீங்க. எதை வாங்கறதுன்னு முடிவுக்கு வர முடியலைன்னு மூஞ்சியிலயே தெரியுது. தோட்டத்துக்கா? ஆட்டுப்பட்டிக்குக் கம்பி அடைக்கறதா? நல்லதுங்க. உங்க நல்ல நேரம், எம்பக்கத்துல உக்காந்திருக்கீங்க. உடுமலைச் சுத்துவட்டாரத்துல என்னளவுக்கு அலைஞ்சு ஆராய்ச்சி பண்ணி வெல்டிங் மிஷின் வாங்கின ஆளு கிடையாது. மூணு மாசமுங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறதுக்குக்கூட அவ்வளவு நாள் ஆகலை.

எம்பேரு திருமூர்த்தி. தென்னந்தோப்பு இருக்குது, சோளம் போடற காடு மூணு ஏக்கர் இருக்குது, டிராக்டர் ஒண்ணு இருக்குது. டிராக்டர் வச்சிருந்தா எதாச்சும் ஒண்ணு ஒடைஞ்சுட்டேதான் இருக்கும், உங்களுக்கே தெரியும். ஒடைஞ்சா நான் போறது மச்சான்கிட்ட. எஞ்சம்சாரம் வசந்தாமணிக்கு அண்ணன், கிட்டுசாமின்னு பேரு. எங்கூருக்கு நாலு மைல் இந்தப்பக்கம், ரோட்டோரமா ஷெட்டுப் போட்டு, அதுக்குன்னு தனியா த்ரீ பேஸ் லைன் வாங்கி, பெரிய மிஷின் வச்சிருக்காரு. முந்நூறு ஆம்பியர். காயில் எண்ணெய்க்குள்ள முங்கிக் கெடக்கும். சக்கரம் வச்சு ரெண்டாளு தள்ளணும். நல்ல வேலைக்காரரு, அதை நான் இல்லைங்கலை. ஆனா அந்த வாயி இருக்குது பாருங்க.

ஆடி மாசம், மழை பேஞ்சு காடு பக்குவமா இருக்குது. உழுதுட்டு இருக்கும்போது ஒம்பது கொத்துக் கலப்பையில ஒரு கொத்துக் கால் முறிஞ்சு போச்சு. கழட்டி எடுத்துட்டு மச்சான் ஷெட்டுக்குப் போனேன். அங்க ஏழெட்டுப் பேரு டீக் குடிச்சுட்டு நிக்கறாங்க. மச்சான் என்னைப் பார்த்தாரு, கையில இருக்கறதைப் பார்த்தாரு. அப்பறம் அவங்க பக்கம் திரும்பிச் சொல்றாரு:

"மாப்ளைக்கு நான் ஒட்டிக் குடுக்க ஆரம்பிச்சு இருபத்திமூணு வருஷம் ஆச்சுங்க. மொதல்ல எந்தங்கச்சியை ஒட்டி விட்டேன். அது ஒண்ணுதான் இன்னும் விடாம நிக்குது."

அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஒருத்தனுக்கு டீ மூக்குல ஏறிருச்சு. நான் கோவக்காரன் இல்லீங்க, ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அமைதியாத்தான் சொன்னேன்: "இனி உங்க ஷெட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்." முறிஞ்ச காலைத் தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். மச்சான் பின்னாடியே வந்து, "மாப்ளே, வெளையாட்டுக்குச் சொன்னது, குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை"ன்னாரு. நான் திரும்பிப் பார்க்கலை. காட்டை எட்டுக் கொத்துலயே உழுது முடிச்சேன். நடுவுல ஒரு கோடு உழுகாமயே போச்சு, போகட்டும்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சொந்த மிஷின் வாங்கறது. மச்சானோடது முந்நூறு ஆம்பியர், அப்ப நமக்கு நானூறு. இதுதான் என்னோட ஆராய்ச்சியில மொதல் கட்டம்.

வசந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ அரிசி பொடைச்சுட்டு இருந்தவ நிமிந்து பார்க்காமயே கேட்டா: "நம்ம வீட்டுல சிங்கிள் பேஸுதானுங்க. நானூறு ஆம்பியரை எதுல சொருகுவீங்க?"

"தோட்டத்து மோட்டார் லைன்ல."

"அது பாசனத்துக்குன்னு சும்மா குடுத்த கரண்டு. அதுல வெல்டிங் போட்டா லைனையே புடுங்கிட்டுப் போயிருவாங்க. அப்பறம் தென்னைக்கு நீங்கதான் கொடத்துல தண்ணி மோந்து ஊத்தணும்."

இந்தப் பொம்பளைக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிஞ்சுதுன்னே எனக்குப் புரியலை. தெனம் மத்தியானம் போனை எடுத்துட்டுச் சமையக்கட்டுக்குள்ள போவா. அவங்க அண்ணங்கிட்டத்தான் பேசுவா. கூடப்பொறந்தவங்க, நான் தடுக்கலை. என்ன பேசறீங்கன்னு கேட்டா, சும்மா சமையல் விஷயம்பா. கிட்டுசாமிக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. அவருகிட்ட முக்கால் மணி நேரம் என்ன சமையலோ.

அப்பறம் கடை கடையா ஏறினேன். கோயமுத்தூர்ல நாலு, பொள்ளாச்சியில ரெண்டு. நீங்க கடைக்குப் போனா ஒரு விஷயம் பார்த்துக்கங்க தம்பி. பழைய மாடல் பெரிய மிஷின் வாங்கறதா இருந்தா, உள்ளுக்குள்ள காயில் செம்பா அலுமினியமான்னு பார்க்கணும். அலுமினியத்துக்குச் செம்புக் கலர்ல பூசி வச்சிருப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் போற எடமெல்லாம் பேனாக்கத்தியோட போயி, மூடியைக் கழட்டச் சொல்லி, காயிலைச் சொரண்டிப் பார்ப்பேன். மூணு கடையில வெளிய போகச் சொல்லிட்டாங்க. சரக்குல குத்தம் இருக்கற கடை அப்பிடித்தான் பண்ணும்.

கடைசியில உடுமலையிலயே ஒரு கடை. இஸ்மாயில் பாய் கடை. பாய் நிதானமான மனுசன். நான் சொரண்டறதைப் பார்த்துட்டு, "அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடியே தோலை உரிக்கறீங்களே"ன்னாரு, அவ்வளவுதான். நானூறு ஆம்பியர் மிஷின் ஒண்ணு மூலையில நின்னுச்சு. கன்னுக்குட்டி மாதிரி. பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. மச்சான் ஷெட்டு முன்னாடி இதை வண்டியில ஏத்தி, மெதுவா ஒரு தடவை ஓட்டிட்டுப் போகணும்னு நெனைச்சேன். பாய் கேட்டாரு, "இதுல என்னங்கண்ணா வேலை செய்யப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு என்ன சொல்றதுங்க? "வேலை இருக்குது"ன்னேன்.

"இந்த மாதிரி மிஷின் உங்க பக்கம் யாராச்சும் வச்சிருக்காங்களா?"

"எம்மச்சான் கிட்டுசாமி வச்சிருக்காரு. ஆனா அவரோடது சின்னது."

பாய் பேரைக் கேட்டுட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. "நாளைக்கு வாங்கண்ணா, பேக்கிங் பண்ணி வைக்கறேன்"ன்னாரு.

மறுநாள் போறேன், மிஷின் வித்துப் போச்சுங்கறாரு. அங்கயேதான் மூலையில சாக்குப் போட்டு மூடி நிக்குது. "வாங்கினவரு இன்னும் எடுத்துட்டுப் போகலைங்கண்ணா." சரி, அவங்கவங்க சௌரியம். அப்பறம் பாய் ஒரு சின்னப் பெட்டியை மேசை மேல எடுத்து வைக்கறாரு. இன்வெர்ட்டர் மிஷின், இருநூறு ஆம்பியர். பாத்தா கோழி அடைக்கற கூடை அளவுதான் இருக்குது. எனக்கு அவமானமாப் போச்சு.

"உங்க மீட்டர் பெட்டியில இருந்து முன் கேட்டுக்கு அறுபது அடி இருக்குமா?"ன்னு பாய் கேக்கறாரு.

இருக்குதுங்க, சரியா அறுபது அடி.

"சாயங்காலமானா வோல்ட்டேஜு நூத்தி எழுபதுக்கு எறங்கிருது, இல்லீங்களா? எதுத்த வீட்டுல மோட்டார் போட்டா உங்க வீட்டு பல்பு மங்குது."

மங்குதுங்க. எங்க வீட்டுப் பக்கமே வராத மனுசன். ஒரு வியாபாரிக்குக் கண்ணு எப்பிடி இருக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்பறம் பாய் வெவரமாச் சொன்னாரு, இதை நீங்களும் மனசுல வச்சுக்கங்க. சிங்கிள் பேஸு வீட்டுக்கு இந்தச் சின்னதுதான் ஆகும். கொறைஞ்ச வோல்ட்டேஜுலயும் ஓடறதாப் பார்த்து வாங்கணும், அது தகட்டுல எழுதியிருக்கும். பத்தாம் நம்பர் ராடு போட்டா கேட்டு, கலப்பை, பட்டிக் கம்பி எல்லாம் ஒட்டலாம். அதுக்கு மேல தோட்டத்துல என்ன வேலை, கப்பலா கட்டப் போறோம்? அப்பறம், பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் ஒட்டினா நாலு நிமிஷம் ஆற விடணும். அதுவும் தகட்டுலயே போட்டிருக்கும். ஒயரு தடியா இருக்கணும், எர்த்து சரியாக் கவ்விப் பிடிக்கணும்.

எனக்கு எதுவும் பிடிக்கலை. பாயும் சலிக்காம, "தூக்கித்தான் பாருங்களேன்"ன்னாரு. ஒத்தைக் கையில வந்துருச்சு. அப்பத்தான் எனக்கு மின்னல் மாதிரி தோணுச்சு. மச்சான் மிஷினைத் தள்ளறதுக்கு ரெண்டாளு வேணும். என்னோடதை நான் பால் கேனு மாதிரி ஒத்தைக் கையில தூக்கிட்டு நடந்தா எப்பிடி இருக்கும்?

"பாயி, நல்லா யோசிச்சுட்டேன். பெருசு வேண்டாம். இந்தச் சின்னதுதான் நமக்குச் சரி."

பாய் அசந்துட்டாரு. "நீங்க சொன்னா சரியாத்தாங்கண்ணா இருக்கும்"ன்னாரு. அப்பிடித்தான் முடிவு எடுக்கணும் தம்பி, அடுத்தவன் பேச்சைக் கேட்டு எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தா எலெக்ட்ரீசியன் ராசு ஏணி போட்டு நிக்கறாரு. மீட்டர்ல இருந்து முன் கேட்டு வரைக்கும் தடி ஒயரு இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, பெரிய பிளக்குப் பாயிண்டு மாட்டிட்டு இருக்காரு. நான் கூப்பிடவே இல்லை. "ஆரு சொன்னா?"ன்னேன். "அங்கிருந்து சொல்லிவிட்டாங்க"ன்னாரு. கரண்ட்டு ஆபீஸுலதான் சொல்லியிருக்கணும். நம்ம ஆளுக எவ்வளவு மாறிட்டாங்க பாருங்க, ஒருத்தன் மிஷின் வாங்கறான்னா வீடு தேடி வந்து ஒயரு இழுக்கறாங்க.

பெட்டியைப் பிரிச்சா உள்ள முகமூடியும் கையுறையும் இருந்துச்சு. கம்பெனிக்காரன் சும்மாவே குடுத்திருக்கான். முகமூடி மட்டும் கொஞ்சம் பழசாத் தெரிஞ்சுது, நெத்தியில பொறி பட்டுக் கருகியிருந்துச்சு. சோதனை பண்ணி அனுப்பியிருப்பாங்க. உள்பக்கம் பெயிண்டுல 'கி.சா.'ன்னு எழுதியிருந்துச்சு, கம்பெனி முத்திரை. வசந்தாமணிகிட்டக் காட்டினேன். அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. பொம்பளைகளுக்கு இதுல எல்லாம் அக்கறை இருக்காது.

நாலு நாள் பழகினேன். மொதல்ல ராடு கம்பியிலயே ஒட்டிக்கிட்டு வராது. இழுத்தா மிஷினே கூட வரும். அஞ்சாம் நாள் முறிஞ்ச கலப்பைக் காலை ஒட்டினேன். கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு, ஆனா நின்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு தம்பி. அந்தக் காலைத் தடவிப் பார்த்துட்டே களத்துல உக்காந்திருந்தேன். ஆருகிட்டயாச்சும் காட்டணும்னு இருந்துச்சு. ஆருகிட்டக் காட்டறது? இந்த வேலை தெரிஞ்ச ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சது ஒருத்தருதான். அவருகிட்டப் பேச்சில்லை.

இதுக்கு நடுவுல எம்பொண்ணு மேகலாவுக்குச் சம்பந்தம் கூடி வந்துருச்சு. ஐப்பசியில நாள் குறிச்சாங்க. எங்க பக்கம் உப்புச் சக்கரை மாத்தறதுன்னு சொல்லுவோம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நிச்சயம் பண்றது. தாய்மாமன் சீர்த் தட்டோட முன்னாடியே வந்து வீட்டுல நிக்கணும். அவரு இல்லாம தட்டு மாத்த மாட்டாங்க. வசந்தாமணி என்னைப் பார்த்தா. நான் சுவத்தைப் பார்த்தேன். ஷெட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொன்ன வார்த்தை இருக்குதே. அவளே தனியாப் போயி அழைப்புச் சொல்லிட்டு வந்தா. ஊருக்குள்ள பேச்சாயிருச்சு, திருமூர்த்தி மச்சானை மதிக்கலைன்னு. பேசட்டும்.

நிச்சயத்துக்கு மொத நாள் மத்தியானம் முன் கேட்டைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் கீல் தேஞ்சு, கதவு தொங்கிப்போயி, தொறந்தா தரையில இழுத்துட்டு ஒரு சத்தம் போடும். சம்பந்தி வர்ற வாசல் அப்பிடி இருக்கலாமா? சந்தோசமா மிஷினை ஒத்தைக் கையில தூக்கிட்டுப் போனேன். கேட்டைச் சாத்தி, கல்லு வச்சு மட்டம் பார்த்து, நாலு கீலுலயும் ஆட்டமே இல்லாம இறுக்கமா வெல்டு வச்சேன். முடிச்சுட்டுக் கையால அசைச்சுப் பார்த்தேன். மலை மாதிரி நின்னுச்சு. இம்மிகூட அசையலை. எனக்கு அவ்வளவு திருப்தி.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சுருச்சு போல. சிரிங்க, பரவால்ல. எனக்கு மறுநாள் காலையிலதான் புரிஞ்சுது.

சமையக்காரங்க எல்லாம் பின்னாடி களத்து வழியாவே வந்துட்டாங்க. முன் கேட்டுக்கு மொதல்ல வந்தவரு மச்சான்தான். புது வேட்டி, புதுச் சட்டை, கையில சீர்த் தட்டு. பின்னாடி அவரு சம்சாரமும் சொந்தக்காரங்களும் இருவது பேரு, ஆளுக்கொரு தட்டு. வசந்தாமணி ஆரத்தியைக் கீழ வச்சுட்டு ஓடிப்போயி தாழ்ப்பாளை எடுத்து இழுத்தா. வரலை. தள்ளினா. வரலை. நான் போயி ரெண்டு கையில இழுத்தேன். கீலு நாலும் ஒரே இரும்பாயிருந்துச்சு.

எங்க பங்காளி ராக்கியப்பன்னு ஒருத்தரு, பந்தலுக்கடியில உக்காந்திருந்தவரு, ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு: "மச்சான் உள்ள வரக் கூடாதுன்னு கேட்டையே வெல்டு வச்சுட்டானப்பா."

அவ்வளவுதான். எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. அந்தப்பக்கம் தட்டோட நிக்கறவங்க மூஞ்சியெல்லாம் சுருங்கிப் போச்சு. எம்பொண்ணு பட்டுச்சேலையில நிலப்படிகிட்ட வந்து நின்னு பார்க்கறா. வசந்தாமணி கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க. இருபத்திமூணு வருஷத்துல அப்பிடி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை.

"வேணும்னு பண்ணலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா அடுத்தாப்பல என்ன கேப்பாங்க? அப்ப வெல்டிங் வைக்கத் தெரியலையான்னு கேப்பாங்க. மூணு மாசமா ஊரெல்லாம் ஆம்பியர் கணக்குப் பேசியிருக்கேன் தம்பி. கெட்டவன்னு பேரு வந்தா ஒரு வருஷத்துல மறந்துருவாங்க. கேட்டை மூடி வச்சு ஒட்டினவன்னு பேரு வந்தா எம்பேரனுக்குப் பேரன் வரைக்கும் சொல்லுவாங்க. நான் தாழ்ப்பாளையே திரும்பவும் பிடிச்சு இழுத்தேன்.

ஆரோ, பின்னாடி களத்து வழியா சுத்தி வரட்டும்னாங்க. "சீர்த் தட்டு மாடு கட்டற சாலை வழியா வர்றதா"ன்னு வசந்தாமணி கேட்டா. மாப்பிள்ளை வீட்டுல இருந்து போன் வருது, குடிமங்கலம் தாண்டிட்டோம்னு.

மச்சான் தட்டைச் சம்சாரத்துகிட்டக் குடுத்தாரு. குனிஞ்சாரு. கீலைப் பார்த்தாரு, கட்டைவிரலால நான் வச்ச வெல்டைத் தடவினாரு. நாலு கீலையும் பார்த்தாரு. நிமிந்து கம்பி வழியா எம்மூஞ்சியைப் பார்த்தாரு. அவருக்குத் தெரிஞ்சுருச்சு. இரும்பு ஒட்டியே சோறு திங்கறவருக்குத் தெரியாதா? இருபது பேரு முன்னாடி சொல்றதுக்கு இதைவிட நல்ல விஷயம் அவருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது.

அவரு திரும்பி எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "இது நான் பண்ணின தப்புங்க. போன வாரம் மாப்ளைகிட்ட நாந்தான் சொன்னேன். கீல் தேஞ்சு போச்சு, கதவு கழண்டு ஆரு மேலயாச்சும் விழுந்துரும், அப்பிடியே வெல்டு வச்சு நிறுத்துங்க, காலையில மொத ஆளா நான் வந்து புதுக் கீல் மாத்தித் தர்றேன்னு. நாந்தான் வர்றதுக்கு நேரம் பண்ணிட்டேன்."

அப்பிடியே போயி வண்டியில இருந்து கட்டிங் மிஷினும் நாலு கீலும் எடுத்துட்டு வந்தாரு. அவரு வண்டியில இதெல்லாம் எப்பவும் கெடக்கும். ஒயரைக் கம்பி வழியா நீட்டினாரு, நான் அந்த அறுபதடி லைன்ல சொருகினேன். புது வேட்டியோட மண்ணுல உக்காந்து நாலு கீலையும் அறுத்தாரு. அந்தப்பக்கம் அவரு, இந்தப்பக்கம் கதவைத் தாங்கிக்கிட்டு நான். பொறி பறக்கற சத்தத்துல ஆருக்கும் கேக்காம எங்கிட்டச் சொன்னாரு: "வெல்டு நல்லா ஓடியிருக்குது மாப்ளே. ஆம்பியரு மட்டும் கொஞ்சம் கொறைச்சு வைங்க."

நான், "ம்"னேன். மூணு மாசத்துல அவருகிட்ட நான் பேசின மொத வார்த்தை அதுதான். புதுக் கீலு மூணை எம்மிஷின்லயே வச்சாரு. கடைசி ஒண்ணை அவரு பிடிச்சுக்கிட்டு என்னை வைக்கச் சொன்னாரு. முகமூடியை எடுத்து அவரு தலையில மாட்டினப்ப அவருக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டு வண்டி திரும்பறதுக்கும் கேட்டு ரெண்டா விரியறதுக்கும் சரியா இருந்துச்சு. சத்தமே இல்லாமத் தொறந்துச்சுங்க.

அவரு வேட்டியில பொறி பட்டு ஒம்பது ஓட்டை. நான் என்னோட புது வேட்டியை எடுத்துக் குடுத்தேன், எனக்குப் பெரிய மனசு. "சபைக்கு இதே போதும் மாப்ளே"ன்னுட்டு அந்த ஓட்டை வேட்டியோடயே நடுச்சபையில உக்காந்து தட்டு மாத்தினாரு. நாலு பேரு கேக்கட்டும்னுதான். கேட்டாங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம், "மாப்ளை சொந்தமா மிஷின் வாங்கிட்டாரு, நல்ல மிஷினு"ன்னு சொல்லிட்டு இருந்தாரு.

ஆனா ஒண்ணு தம்பி, எனக்கு மனசு ஆறாத விஷயம் எதுன்னா, அவரு சொன்னது பச்சைப் பொய். போன வாரம் நாங்க பேசிக்கவே இல்லை. சுத்தமாப் பேச்சில்லாத மனுசன் அத்தனை பேரு முன்னாடி எப்பிடிப் பேசினதாச் சொல்லலாம்? பொய் சொல்றவரை எப்பிடிங்க மதிக்கறது? அதுல பாருங்க, ஊரெல்லாம் நாங்க பேசிக்கறோம்னு நெனைச்சுட்டாங்க. இனி பேசாம இருந்தா அவரு பொய் வெளிய வந்துரும். அவரு மானத்தைக் காப்பாத்தறதுக்காகவே வாரத்துக்கு ரெண்டு தரம் போயி ஷெட்டுல உக்காந்து பேசிட்டு வர வேண்டியிருக்குது. இப்பக்கூட அங்கதான் எறங்கறேன். வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான், பக்கவாட்டு வழியாத்தான் போறேன்.

எந்த மிஷின்னு நீங்க கேட்டீங்க இல்ல? இருநூறு ஆம்பியர், இன்வெர்ட்டரு. பேரு... இங்கிலீஷ்ல என்னமோ வரும், வாயில நிக்க மாட்டேங்குது. நம்பர் ஒண்ணு தர்றேன், எழுதிக்கங்க. நான் எந்நேரமும் தோப்புக்குள்ளயே கெடப்பேன், அங்க சிக்னல் கிடைக்காது, இது மச்சான் நம்பரு. உங்க வீட்டுல எத்தனை பேஸு, ஒயரு எவ்வளவு தூரம், என்ன வேலைன்னு எல்லாம் அவரு பொறுமையாக் கேப்பாரு. கேட்டுட்டு எதை வாங்கச் சொல்றாரோ கண்ணை மூடிட்டு அதையே வாங்கிருங்க.

கடையில ஆரு சொல்லி வந்தீங்கன்னு கேட்டா மட்டும், திருமூர்த்தி ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாருன்னு சொல்லுங்க.